கடலோர போர்டு வீட்டு ஆயாக்களுக்கு அதே தெருவுல ஒரு ரூம் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல ஒரு அபார்ட்மெண்ட் விளம்பரம் பார்த்தேன். எங்க ஏரியாதான், பால்கனியில நின்னா கடல் தெரியுமாம், பீச்சுக்கு நடந்தே போயிடலாமாம், விலை கோடியில ஆரம்பிக்குது. அந்தப் பக்கத்தை அப்படியே மடிச்சு கடை கவுண்டர்ல வச்சிருந்தேன், அன்னிக்கு சாயங்காலம் பென்ஷன் பாஸ்புக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு ஆயா அது மேலதான் கையை ஊனிக்கிட்டு நின்னாங்க. அவங்க வீட்டு ஜன்னல்லயும் அதே கடல்தான் தெரியும். மூணாவது மாடி, குடிசை மாற்று வாரியம் கட்டின போர்டு வீடு, நாப்பது வருஷமா அங்கதான் இருக்காங்க, மாச வருமானம் முதியோர் பென்ஷன் 1200 ரூபா. அதைப் பார்த்ததுலயிருந்து இந்த லெட்டரை எழுதணும்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

நான் சாந்தோம் பக்கத்துல முப்பது வருஷமா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஜெராக்ஸ், லேமினேஷன், டைப்பிங், இப்போ ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் போடுறேன். சீனிவாசபுரம், நொச்சிக்குப்பம், நொச்சி நகர், டுமீல் குப்பம் ஜனங்கதான் பாதிப் பேர் கஸ்டமர். டாக்டருக்கு ஒருத்தர் உடம்பு தெரியும்னா எனக்கு அவங்க பிளாஸ்டிக் கவர் தெரியும் சார். எல்லார்கிட்டயும் ஒரு கவர் இருக்கும், ஜவுளிக்கடை பையோ ஹார்லிக்ஸ் கவரோ, அதுக்குள்ள ரேஷன் கார்டு, ஆதார், புருஷன் டெத் சர்டிஃபிகேட், அப்புறம் ரொம்ப உள்ள, இன்னொரு கவருக்குள்ள மடிச்சு, வீடு ஒதுக்குனதுக்கான அலாட்மெண்ட் ஆர்டர்.

அந்த ஆயாவோட அலாட்மெண்ட் ஆர்டரை கண்ணாடி மேல வைக்கவே பயமா இருக்கும். மடிப்பு நாலுலயும் கிழிஞ்சு, பின்னாடி செல்லோ டேப் போட்டு, டேப்பும் பழுப்பாப் போயி எழுத்து மறைஞ்சிருக்கு. அதுல இருக்கிற பேர் ஆயா பேரும் இல்ல புருஷன் பேரும் இல்ல, மாமியார் பேர். மாமியார் போனப்போ வாரிசு சர்டிஃபிகேட் வாங்கல, புருஷன் போனப்போவும் வாங்கல, அப்போ யாருக்குத் தோணுச்சு, அவங்க பாட்டுக்கு இருந்தாங்க மாசாமாசம் பணம் கட்டினாங்க அவ்ளோதான். போதாக்குறைக்கு ரேஷன் கார்டுல புருஷன் பேர் ஒரு மாதிரி, டெத் சர்டிஃபிகேட்ல வேற மாதிரி. இதையெல்லாம் விடக் கொடுமை என்னன்னா ஆயாவுக்குக் கைரேகையே விழமாட்டேங்குது. அம்பது வருஷம் மீன் ஆஞ்ச கை, செதிலும் ஐஸும் உப்பும் பட்டுப் பட்டு விரல் நுனி வழுவழுன்னு ஆயிடுச்சு. மெஷின்ல வச்சா சிவப்பு லைட்டுதான் எரியுது. ஒவ்வொரு தடவையும் ஆயா விரலைத் தலைமுடியில தேச்சுட்டு மறுபடி வைப்பாங்க, எண்ணெய் பட்டா விழும்னு யாரோ சொல்லிருக்காங்க.

இப்போ விஷயத்துக்கு வரேன். கடலோரம் இருக்கிற பழைய போர்டு வீடுகளை இடிச்சுக் கட்டறது தப்புன்னு நான் சொல்லல, முதல்ல அதைத் தெளிவாச் சொல்லிடறேன், இல்லன்னா வளர்ச்சிக்கு எதிரின்னு எவனாவது ஆரம்பிச்சிடுவான். கடல் காத்துக்கு உள்ள இருக்கிற கம்பி துருப்பிடிச்சு ஊதி சிமெண்டைத் தள்ளிடுது, சீலிங்குல கம்பி எலும்பு மாதிரி தெரியுது. 2021 டிசம்பர்ல திருவொற்றியூர்ல 24 வீடு இருந்த பிளாக் ஒண்ணு அப்படியே உக்காந்துச்சு, விரிசல் சத்தம் கேட்டு ஜனங்க முன்னாடியே வெளிய வந்ததால உயிர் பொழைச்சாங்க. 2024 டிசம்பர்ல எங்க பட்டினப்பாக்கத்துலயே கட்டடத்துல இருந்து சிமெண்ட் ஸ்லாப் விழுந்து ஒரு வாலிபப் பையன் செத்துட்டான். அந்த வீடுங்களை இடிக்காதீங்கன்னு எவன் சொல்லுவான்?

என் கேள்வி, இடிக்கறதுக்கும் கட்டி முடிக்கறதுக்கும் நடுவுல இருக்கிற அந்த ரெண்டு வருஷத்துல வயசானவங்க எங்க இருப்பாங்க, கட்டி முடிச்ச அப்புறம் சாவியை யார் கையில குடுப்பாங்க. இந்த ரெண்டு இடத்துலதான் அவங்க காணாமப் போறாங்க.

வெளிய போய் வாடகைக்கு இருந்துக்கோங்கன்னு கருணைத்தொகை தர்றாங்க. முன்னாடி 8000 இருந்துச்சு, அதை 24,000 ஆக்குனாங்க, நல்லதுதான். ஆனா ரெண்டு வருஷம்னா மாசத்துக்கு ஆயிரம் ரூபா. எங்க தெருவுல பாத்ரூம் பொதுவா இருக்கிற ஒத்த ரூமே ஆறாயிரம் கேக்கறான், அட்வான்ஸ் தனி. 2019ல அமலுக்கு வந்த புது வாடகைச் சட்டத்துல அட்வான்ஸ் மூணு மாச வாடகைன்னு இருக்கு, எங்க ஏரியாவுல அதைச் சொல்லிப் பாருங்க, அப்போ சட்டத்துக்கிட்டயே வீடு கேளுன்னு கதவைச் சாத்திடுவாங்க. காசே இருந்தாலும் தனியா இருக்கிற எழுபத்தஞ்சு வயசுக்காரங்களுக்கு யார் வீடு தர்றாங்க? ஒரு ஹவுஸ் ஓனர் என் கடையிலயே நின்னு சொன்னார், "ராத்திரி ஏதாவது ஆயிட்டா நான்தானே தூக்கணும்"னு. அவர் கெட்டவர் இல்ல, தீபாவளிக்கு அந்த ஆயாவுக்குப் புடவை எடுத்துக் குடுக்கிறவர்தான். வீடு மட்டும் தரமாட்டார்.

அப்போ என்ன ஆகுது, மகன் வீட்டுக்குப் போறாங்க, மகனும் ஒத்த ரூம்ல பொண்டாட்டி புள்ளைங்களோட இருப்பான், ஆயா வாசல்ல படுக்கும். இல்லன்னா தூரத்துல வாரியம் கட்டின பெரும்பாக்கம், கண்ணகி நகர், செம்மஞ்சேரின்னு போயிடறாங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் எங்க சீனிவாசபுரம் ஆளுங்க எத்தனை பேர் அந்தப் பக்கம் போனாங்கன்னு எனக்குத் தெரியும், ஏன்னா அவங்களுக்கு அட்ரஸ் மாத்தி ஃபார்ம் எழுதிக் குடுத்ததே நான்தான். பெரும்பாக்கத்துல மட்டும் இருபதாயிரம் வீட்டுக்கு மேல இருக்கு, எட்டு மாடி, லிஃப்ட் நின்னா வயசானவங்க மேலயே. போனவங்கள்ல சில பேர் ஒண்ணாந் தேதி ஆனா இன்னும் எங்க ஏரியாவுக்குத்தான் வராங்க. பேங்க் இங்க, சர்ச்சு இங்க, சுகர் மாத்திரை வாங்கற கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி இங்க, கடனுக்கு மீன் குடுக்கிறவ இங்க. பொம்பளைங்களுக்கு பஸ்ஸுல டிக்கெட் இல்ல, அறுபது தாண்டினா மாசத்துக்குப் பத்து டோக்கன் தாத்தாக்களுக்கும் உண்டு, அதெல்லாம் பெரிய உதவி, இல்லன்னு சொல்லல. ஆனா ஒண்ணரை மணி நேரம் பஸ்ஸுல ஆடி ஆடி வந்து ஒரு மாத்திரை வாங்கிட்டுத் திரும்பிப் போறதுன்னா எழுபது வயசுல அது ஒரு நாள் வேலை.

இங்கயே இருந்தா அந்த 1200 எப்படிப் போதுதுன்னு கேப்பீங்க. போதாதுதான். ஆனா காலையில ஏழு மணிக்கு லூப் ரோட்டுல மீன் வாங்கறவங்களுக்கு ஆஞ்சு குடுத்தா ஆயா கையில நூறு எரநூறு நிக்கும். 2024ல மார்க்கெட் கட்டி கடையெல்லாம் உள்ள போயிடுச்சு, அப்பவும் ஆயா ஒரு ஓரத்துல அருவாமணை போட்டு உக்காந்திருக்கு, தெரிஞ்ச முகம், யாரும் எழுந்துக்கோன்னு சொல்ல மாட்டாங்க. பெரும்பாக்கத்துல எந்த மீனை யாருக்கு ஆயறது?

எங்க பக்கத்து பிளாக்குல நாலாவது மாடியில ஒரு தாத்தா, முட்டி போயி கீழ இறங்கி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகுது. காலையில ஒரு ஒயர் கூடையை நைலான் கயித்துல கட்டி இறக்குவார், உள்ள பத்து ரூபா காயின் மூணு கிடக்கும். கீழ இட்லி விக்கிற அக்கா நாலு இட்லி வச்சு சட்னியை கவர்ல கட்டிப் போட்டு கயித்தை ரெண்டு தடவை இழுப்பாங்க, மேல மணி கட்டிருக்கார், அது அடிக்கும், அவர் தூக்கிக்குவார். பேப்பர்காரப் பையனும் அதே கூடையில பேப்பர் போடுவான், உங்க பேப்பர்தான் சார், நேத்து பேப்பர், ஃப்ரீயா. அந்தத் தாத்தாவை இந்த ஏற்பாட்டுல இருந்து பிரிச்சு வேற இடத்துல நல்ல புது வீட்டுல வச்சா அவருக்கு இட்லி யார் தருவா? அதுக்கு எந்த ஸ்கீம்லயும் பணம் ஒதுக்கற ஹெட் ஆஃப் அக்கவுண்ட் கிடையாது.

சாவி விஷயத்துக்கு வரேன், இதுல நான் ஒரு உண்மையைச் சொல்லியாகணும். எங்க குடும்பத்துக்கும் ஒரு போர்டு வீடு இருந்துச்சு. அம்மா பேர்ல. இருநூத்திச் சொச்சம் சதுர அடி, அதுலதான் நாங்க நாலு பேர் வளர்ந்தோம். அம்மா போனதும் அண்ணன் தம்பிங்க உக்காந்து பேசி, பவர் எழுதிக் குடுத்து வித்துட்டோம். அப்போ கிடைச்ச காசு எனக்குப் பெரிய காசு, அதுலதான் கடைக்குக் கலர் மெஷின் வாங்கினேன். வாங்கினவர் அடையாறுல இருக்கிறவர், அந்த வீட்டுல ஒரு நாள் கூடத் தூங்கினது கிடையாது. அவர் அதை வாடகைக்கு விட்டார், வாடகை வருஷா வருஷம் ஏறுச்சு, இப்போ அங்க கம்பெனியில வேலை பாக்கிற பசங்க அஞ்சு பேர் தலைக்கு இவ்ளோன்னு குடுத்து இருக்காங்க. ஏழைக்குன்னு அரசாங்கம் கட்டின ஒரு வீடு எங்க கையால மார்க்கெட்டுக்குப் போயிடுச்சு. எங்களை மாதிரி எத்தனை குடும்பம்னு எங்க ஏரியாவுல எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க, நானும் இத்தனை வருஷம் திறக்கல.

அதனாலதான் சொல்றேன், கடலோரத்துல புதுசா எவ்ளோ கட்டினாலும் எல்லாத்தையும் சொந்தமா எழுதிக் குடுத்துக்கிட்டே போனா ஒரு தலைமுறையில எல்லாம் கை மாறிடும். 1970ல குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்சாங்க, 2021ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேர் மாத்துனாங்க, ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்னு போட்டு கட்டின வீடுங்க. இப்போ அந்த இடத்துல ஒரு சதுர அடி என்ன விலை போகுதுன்னு உங்க விளம்பரப் பக்கத்துலயே இருக்கு. அவ்ளோ விலை போற இடத்துல எவ்ளோ நாளைக்குத்தான் ஏழை வீட்டு வாரிசு விக்காம இருப்பான்? அவனைத் திட்டி என்ன பிரயோஜனம், நான் யாரு அவனைத் திட்டறதுக்கு?

வயசானவங்களுக்கு சொந்த வீடு வேணும்னு நான் கேக்கல. அவங்களே கேக்கல. ஆயாகிட்ட கேட்டேன், "எனக்கு எதுக்குப்பா பத்திரம், சாவற வரைக்கும் யாரும் எழுப்பாம இருந்தா போதும்"னாங்க. அதைத்தான் கேக்கறேன். கடலோரத்துல இடிச்சுக் கட்டற ஒவ்வொரு திட்டத்துலயும் கொஞ்சம் வீட்டை விக்காம வாரியமே கையில வச்சுக்கட்டும். ஒத்த ரூம், கிச்சன், உள்ளேயே கைப்பிடி வச்ச பாத்ரூம், அவ்ளோ போதும். ஏற்கனவே அங்க குடியிருந்த, தனியா இருக்கிற, பென்ஷனை நம்பி இருக்கிற வயசானவங்களுக்கு உயிரோட இருக்கிற வரைக்கும் வாடகை, பென்ஷன்ல பத்துல ஒரு பங்கு, அவ்ளோதான். அவங்க காலத்துக்கு அப்புறம் மகனுக்கும் போகக்கூடாது பேரனுக்கும் போகக்கூடாது, திரும்ப வாரியத்துக்கே வரணும், வரிசையில அடுத்து நிக்கிற வயசானவங்களுக்குக் குடுக்கணும். வித்தா செல்லாது, உள் வாடகை விட்டா ரத்து.

இது நான் கனாக்கண்டு சொல்றது இல்ல. எங்க அக்கா பையன் சிங்கப்பூர்ல இருக்கான், அங்க ஹவுசிங் போர்டுல 55 வயசு தாண்டினவங்களுக்குச் சின்ன வீடு குறைஞ்ச வருஷ லீஸுக்குத் தர்றாங்க, 15 வருஷத்துல இருந்து 45 வருஷம் வரைக்கும், 95 வயசு வரைக்கும் தாங்கற மாதிரி வருஷத்தை எடுத்துக்கணும், அந்த வீட்டை வெளிய விக்க முடியாது, வேண்டாம்னா போர்டுக்கே திருப்பிக் குடுத்துடணும். அங்க காசு குடுத்துத்தான் வாங்கணும், நம்ம ஆயாவால அது முடியாது, அது வேற. ஆனா அந்த வீடு மார்க்கெட்டுக்குப் போகாதபடி ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கான் பாருங்க, அந்தத் தாழ்ப்பாள்தான் நமக்கு வேணும்.

இதுக்கு என்ன பதில் வரும்னும் தெரியும். முதியோர் இல்லம் இருக்கேம்பாங்க. 2007 முதியோர் சட்டம் 19வது பிரிவை நானே பிரிண்ட் எடுத்துப் படிச்சேன், மாவட்டத்துக்கு ஒண்ணாவது, 150 பேர் தங்கற மாதிரி இல்லம் அமைக்கலாம்னு இருக்கு. "அமைக்கலாம்", கவனிங்க, "அமைக்கணும்" இல்ல. சென்னை மாதிரி ஊருக்கு 150 எந்த மூலைக்கு? அதோட கைகால் நல்லா இருக்கிற, தானே சோறாக்கிச் சாப்பிடற ஆயாவைக் கொண்டு போயி பெல் அடிச்சா சாப்பிடற இடத்துல ஏன் வைக்கணும்? அதே சட்டத்துல புள்ளைங்க மேல கேஸ் போட்டு ஜீவனாம்சம் வாங்கலாம்னும் இருக்கு. ஆட்டோ ஓட்டற மகன் மேல எந்த ஆயா கேஸ் போடும்? என் கடைக்கு அப்படி ஒரு மனு டைப் அடிக்க வந்த ஒருத்தர் பாதியில அழுதுட்டு எழுந்து போயிட்டார், டைப் அடிச்ச வரைக்கும் காசு மட்டும் குடுத்துட்டு.

வயசானவங்க கணக்கும் ஏறிக்கிட்டே போகுது. 2021க்கு மத்திய அரசு போட்ட கணிப்புல தமிழ்நாட்டுல நூத்துக்குப் பதிமூணு பேருக்கு மேல அறுபது தாண்டினவங்க, நம்மளுக்கு மேல கேரளா மட்டும்தான். பென்ஷன்ல மத்திய அரசு பங்கு எண்பது வயசு வரைக்கும் இன்னும் அதே எரநூறு ரூபாதான், மாநில அரசு 2023 ஆகஸ்ட்ல ஆயிரத்தை 1200 ஆக்குச்சு. அதுவும் வாடகைக்கு எட்டல.

இன்னொண்ணு, இஞ்சினியருங்க யாராவது படிச்சா அவங்களுக்கு. இப்போ கட்டற நிறைய பிளாக்குல கீழ்த்தளம் முழுக்க வண்டி நிறுத்தறதுக்குன்னு தூண் மட்டும் விட்டுடறீங்க. அதாவது பைக் கீழ தூங்கும், ஆயா மேல ஏறணும். அலை வருது வெள்ளம் வருதுன்னு காரணம் சொல்வீங்க, அடையாறு ஆறு கடல்ல கலக்கற வாய்ல இருக்கிறவங்களுக்கு அது புரியாம இல்ல. அப்போ முதல் மாடியில சாய்வுப் பாதை போட்டு அந்த வீடுங்களை வயசானவங்களுக்கு ஒதுக்குங்க. குலுக்கல் வேண்டாம். முட்டி போன தாத்தாவுக்கு ஏழாவது மாடி சீட்டு விழுந்தா அது ஒதுக்கீடா ஆயுள் தண்டனையா?

கணக்கெடுக்க வர்றவங்களுக்கும் ஒரு விண்ணப்பம். அலாட்மெண்ட் ஆர்டர்ல பேர் இருந்தாத்தான் ஆளுன்னு பார்த்தீங்கன்னா என் கடைக்கு வர்ற பாதிப் பேர் ஆளே இல்ல. உள் வாடகைக்கு இருபது வருஷமா இருக்கிற தாத்தா, மாமியார் பேர்ல வீடு இருக்கிற மருமக, அக்கா வீட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கிற கல்யாணம் ஆகாத தங்கச்சி. ரேஷன் கார்டு, ஓட்டர் ஐடி, கரண்ட் பில், பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேர் வார்த்தை, இது போதாதா ஒரு ரூம்ல வாடகைக்கு இருக்கறதுக்கு? பத்திரம் எழுதப் போறதா இருந்தாத்தானே வாரிசுச் சண்டை, வாடகைக்கு எதுக்கு இவ்ளோ பேப்பர்?

எங்க ஏரியாவுல பழைய ஹவுசிங் போர்டு குவார்ட்டர்ஸை இடிச்ச இடம் எல்லாருக்கும் தெரியும், அங்க என்ன வரப்போகுதுன்னு டீக்கடையில தினம் ஒரு கதை. மால்ங்கறான், ஆபீஸுங்கறான். எது வேணா வரட்டும், அரசாங்க நிலம், அதுல ஒரு மூலையில அம்பது ரூம் வயசானவங்களுக்குன்னு போட்டா எந்த மாலும் மூழ்கிடாது. இடிக்கறதுக்கு முன்னாடி அதைக் கட்டி முடிச்சா அந்த ரெண்டு வருஷப் பிரச்சனையும் தீர்ந்துடும், பெருசுங்க வெளிய எங்கயும் போக வேண்டியதே இல்ல, தெரு தாண்டினா போதும்.

இந்த லெட்டரை முழுசாப் போட இடம் இல்லன்னா அந்த வாடகை ரூம் விஷயத்தையாவது போடுங்க, நான் வீடு வித்த கதையை வேணும்னா எடுத்துடுங்க, இருந்தாலும் பரவால்ல. நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கடையைப் பக்கத்துப் பையன்கிட்ட விட்டுட்டு ஆயாவைக் கூட்டிக்கிட்டுப் போகணும், ரேகை விழலன்னா கண்ணைப் படம் எடுக்கற மெஷின் ஒரு சென்டர்ல இருக்காம். ஆயாவுக்கு ஒரு கண்ணுல புரை வேற.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
சாந்தோம், சென்னை.